இல்ஸபேக்கு எந்த மணி

இல்ஸபே செவ்வாய்க்கிழமை காலை, பால் கறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் செத்துப்போனாள். அவளுக்கு எந்த மணியை அடிப்பது என்பது சனிக்கிழமை வரை முடிவாகவில்லை.

அவள் புருஷன் யோப்ஸ்ட் அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. வெண்டல்ரோடேயில் பிறந்து வளர்ந்தவன் அவன். இந்த ஊரில் உயிரோடிருப்பவர்களே காத்திருக்கும்போது செத்தவர்கள் மட்டும் அவசரப்பட முடியாது என்பது அவனுக்குத் தெரியும். மூன்று நாள் இருமலுக்குப் பிறகு அந்தச் சின்ன அறை சட்டென்று அமைதியானபோது, ஏதோ ஒரு வேலை முடிந்துவிட்டது போலத்தான் முதலில் இருந்தது. அவள் கண்களை மூடினான். தாடையைத் துணியால் கட்டினான். ஆவி போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தான். குளிர் உள்ளே வந்தது. மூடினான். அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான். வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கோயில்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டான்.

கோயில்பிள்ளை டோனீஸ்தான் ஊரில் மணி அடிப்பவர். பாதிரியார் மூன்று ஊருக்குப் பொதுவாக இருந்ததால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற நாட்களில் கர்த்தருடைய காரியங்களையும், அதைவிட முக்கியமாக ஊரின் வரிசைப் புத்தகத்தையும் டோனீஸ் பார்த்துக்கொண்டார்.

“அடடா, இல்ஸபேயா? நல்ல பொம்பள ஆச்சே. கர்த்தரோட சித்தம்,” என்று தொப்பியைக் கழற்றினார். அடுத்தவன் கூரைக்குக் கீழே ஒண்டியிருப்பவர்களின் சாவுக்கு அவர் தொப்பி கழற்றுவதில்லை. பாதியில் அது நினைவுக்கு வந்து மறுபடி மாட்டிக்கொண்டார். “சரி, எந்த மணி?”

“கதவுல தட்டறதுதானுங்களே,” என்றான் யோப்ஸ்ட்.

கோபுரத்தில் மூன்று மணிகள் இருந்தன. நான்கு குதிரை பூட்டி உழுகிற முழுக்குடிக்காரர் செத்தால் பெரிய மணி. அதில் பாதி நிலம் வைத்திருக்கும் அரைக்குடிக்கு நடுமணி. ஒரு குடிசையும் முட்டைக்கோஸ் பாத்தியும் மட்டும் உள்ள கால்குடிக்குச் சின்ன மணி. ஒண்டிக்குடிக்கு மணி கிடையாது. கோயில்பிள்ளை கோபுரக் கதவில் மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். காற்று நல்லபடியாக அடித்தால் அது பக்கத்து வீடுவரை கேட்கும்.

“தட்டறது எனக்கு ஒரு நிமிஷ வேலப்பா,” என்றார் டோனீஸ். “ஆனா அவ யாரு? இங்க பாரு.” வரிசைப் புத்தகத்தைத் திறந்தார். “பொறந்தது பார்க்ஹாவ்ஸ் வீட்ல. ஊர்த்தலைவரோட சொந்தத் தங்கச்சி. முழுக்குடி. கோயில்ல மொத பெஞ்சு. அப்புறம் லூடெகிங் வீட்டு மூத்தவனக் கட்டினா, அரைக்குடி, நாலாவது பெஞ்சு. அவன் செத்தான். உன்னக் கட்டினா. கால்குடி, ஒம்பதாவது பெஞ்சு. உன் குடிசை எரிஞ்சுபோச்சு. புகை போகாத வீட்டுக்குக் குடியுரிமை இல்லன்னு ஊரு சொல்லிருச்சு. அதுலேர்ந்து ஒண்டிக்குடி. தூணுக்குப் பின்னாடி நிக்கறது.”

“ஆமாங்க. தூணுக்குப் பின்னாடி கதகதப்பா இருக்குன்னு சொல்லுவா.”

“அதில்லப்பா விஷயம். நாலு பக்கத்துலயும் அவ பேரு இருக்கு. எந்தப் பக்கத்துலயும் கோடு போட்டு அடிக்கல. யாராச்சும் அடிச்சிருக்கணும். எனக்கு முன்னாடி இருந்தவர் அடிக்கல, நானும் அடிக்கல. நான் வெறும் கயிறு. இழுக்கற கை ஊரோடது. தலைவரப் போய்ப் பாரு.”

தலைவர் ஹின்ரிக் பார்க்ஹாவ்ஸின் வீட்டுக்குப் பெரிய வாசல் ஒன்று உண்டு. அதன் வழியாகக் குதிரைகளும் முழுக்குடிக்காரர்களும் போகலாம். யோப்ஸ்ட் பன்றித் தொழுவத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான். உறவுமுறைப்படி தலைவர் அவனுக்கு மச்சான். அந்தச் சொல்லை இந்த ஒன்பது வருஷத்தில் இரண்டு பேருமே வாயில் எடுத்ததில்லை.

தலைவர் காலைச் சாப்பாட்டில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு அதை எடுத்து, வெட்டத் தொடங்கியிருந்த தொத்திறைச்சியை வெட்டி முடித்தார்.

“அண்ணனா நான் அழறேன்,” என்றார். “இதோ பாரு, தொண்டையில எறங்கல. ஆனா தலைவர்னு ஒருத்தன் இருக்கான் பாரு, அவன் அழக்கூடாது. ரெண்டு பேரும் ஒரே நாற்காலியிலதான் உக்காந்திருக்கோம். ஆனா ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறதில்ல.”

“சரிங்க.”

“முழுக்குடின்னு பொதைச்சா என்ன ஆகும்? கீழ கட்டிக்கிட்டுப் போன ஒவ்வொருத்தியும் நாளைக்கு பெரிய மணி வேணும்னு வந்து நிப்பா. மணி தேஞ்சுபோகும். சரி, ஒண்டிக்குடின்னு பொதைச்சா? பார்க்ஹாவ்ஸ் ரத்தம் வடக்குச் சுவரோரம் செந்தட்டிச் செடிக்குள்ள கெடக்கும். எங்கப்பா என்னை மன்னிப்பாரா?”

“அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

“அவளுக்கு ஒண்ணுதான். செத்தவங்களுக்கு அது ஒரு வசதி. ஊரு உயிரோட இருக்கே, யோப்ஸ்ட்!” தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “சபையக் கூட்டிடுவோம். இன்னிக்கே ஊர்க்கோல அனுப்பறேன். நீ கவலப்படாத. நியாயம் கெடைக்கும். நான் சொல்றேன், நியாயம் கெடைச்சே தீரும்.”

அவன் நியாயம் கேட்டு வரவில்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தான். பின்கட்டைத் தாண்டும்போது தலைவர் வேலைக்காரியைக் கூப்பிட்டுக் கடுகு கேட்பது காதில் விழுந்தது.

ஊர்க்கோல் என்பது பிடியில் வளைந்த ஒரு பழைய கருவேலக் கழி. அது வீடு வீடாகப் போகும். கோல் வந்தால் சபை உண்டு என்று அர்த்தம். முழுக்குடி வீடுகளில் தொடங்கி வரிசை பிசகாமல், குடும்பத் தலைவன் கையிலிருந்து குடும்பத் தலைவன் கைக்குத்தான் அது மாற வேண்டும். செவ்வாய் மத்தியானம் அது மூன்றாவது வீட்டுக்குப் போய் நின்றது. அந்த வீட்டுக்காரர் மகள் வீட்டில் பன்றி வெட்டுகிறார்கள் என்று அடுத்த ஊருக்குப் போயிருந்தார். வியாழக்கிழமைதான் வருவார்.

“நாலாவது வீட்டுக்குக் குடுத்துரலாமுங்களா?” என்று யோப்ஸ்ட் டோனீஸிடம் கேட்டான்.

டோனீஸ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒருத்தரைத் தாண்டிப் போனா அவர் இல்லாதவர்னு அர்த்தம். உயிரோட இருக்கறவரை இல்லாதவர் ஆக்கணுமா? உன் வீட்டம்மா செத்துட்டாங்க, காத்துக்குவாங்க.”

புதன்கிழமை முழுக்குடிகள் ரொட்டி சுடும் நாள்.

யோப்ஸ்டும் இல்ஸபேயும் இருந்தது ஊர் அடுப்பு வீட்டை ஒட்டிய அறையில். அடுப்பை மூட்டித் தருவதற்குப் பதிலாக அந்த அறையை ஊர் அவர்களுக்கு விட்டிருந்தது. அடுப்புக்கும் இல்ஸபேயின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அடுப்பு எரிந்தால் சுவர் கொதிக்கும். ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா என்று செவ்வாய் சாயங்காலமே அவன் கேட்டுப் பார்த்தான். கோல் போகாமல் சபை இல்லை, சபை இல்லாமல் ரொட்டி நாளை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. சவத்தை வெளியே எடுக்க நாலு பேரைக் கேட்டான். சவத்தை அதன் குடிக்காரர்கள்தான் தூக்க வேண்டும், குடி முடிவாகாமல் யாரும் தொட முடியாது என்று பதில் வந்தது.

ஆகவே புதன் விடியலில் அவனே தூக்கினான். பெரிய கனம் ஒன்றுமில்லை. அதே கட்டடத்தின் பரணில் ஒண்டியிருந்த கெஷே கிழவி கால்பக்கம் பிடித்தாள். வாத்து இறகு பிடுங்கிப் பிழைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். வடக்குப் பக்கக் கூரைச் சரிவுக்குக் கீழே அடுக்கியிருந்த விறகின்மேல் பலகை போட்டு இல்ஸபேயைக் கிடத்தினார்கள். துப்பட்டியால் மூடி, நாலு மூலைக்கும் நாலு விறகுக் கட்டை வைத்தார்கள்.

“உன் மச்சான் வீட்டு ரொட்டிய நீ பாத்துக்க. உன் பொண்டாட்டிய பனி பாத்துக்கும்,” என்றாள் கெஷே. “நல்ல ஊருடா இது. செத்தாலும் வேல போகாது.”

யோப்ஸ்ட் அடுப்பை மூட்டினான். கை தானாக வேலை செய்தது. காதில் கம்பளி வைத்து அடைத்தது போல எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டது. தலைவரின் மனைவி முதல் ஆளாக மாவுடன் வந்தாள். முதல் சூடு அவர்களுக்குத்தான். பின்பக்கம் போய்த் துப்பட்டியை விலக்கி நாத்தியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“பாவம், ரொம்ப எளச்சுப்போயிட்டா,” என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு அடுப்புக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். “சூடு பத்தலையே, யோப்ஸ்ட்? போன வாரமும் அடி வேகல. மனசு சரியில்லாதப்போ மனுஷன் வேலையில அக்கறையா இருக்கணும்ப்பா. அதான் மருந்து.”

“இன்னும் ரெண்டு கட்டை போடறேங்க.”

“போடு. விறகு எங்க?”

“அவளுக்கு அடியில இருக்குங்க.”

“ஓரமாப் பாத்து உருவு,” என்றாள் அவள்.

அவன் ஓரமாகப் பார்த்து உருவினான்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. ஊர் நடுவிலுள்ள லிண்டன் மரத்தடியில் வட்டமாக ஏழு கல். முழுக்குடிக்காரர் ஏழு பேரும் அதில் உட்கார்வார்கள். குளிர் கடுமையாக இருந்ததால் வட்டத்துக்கு நடுவில் பெரிய நெருப்பு மூட்டியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அரைக்குடிகள் நிற்பார்கள். அதற்கும் பின்னால், மரத்தின் நிழல் எதுவரை விழுமோ அதுவரை, கால்குடிகள். பிப்ரவரியில் மரத்தில் இலையில்லை, வானத்தில் வெயிலில்லை. நிழல் எங்கே விழும் என்று தீர்மானிப்பதிலேயே காலை கழிந்தது. ஒண்டிக்குடிகளுக்கு இடம் பள்ளத்துக்கு அப்பால். அங்கிருந்து பார்த்தால் நெருப்பு தெரியும்.

யோப்ஸ்ட் பள்ளத்துக்கு அப்பால் நின்றான். சபையில் அவனுக்குக் குரல் கிடையாது. தலைவர் கேட்பதை ஓர் அரைக்குடிக்காரர் திரும்பிச் சொல்வார், அதை ஒரு கால்குடிக்காரர் பள்ளத்தைப் பார்த்துக் கத்துவார். பதில் அதே வழியில் மேலே போகும்.

முதலில் கோர்ட் லூடெகிங் பேசினார். இல்ஸபேயின் முதல் புருஷனுக்குத் தம்பி. அரைக்குடிகளுக்குப் பேச்சாளர்.

“சபைக்கு வணக்கம். எங்கண்ணன் செத்த எட்டாம் நாளே, இனி எங்க வீட்ல சாப்பாடு இல்லன்னு அவ கரண்டிய அவ கையில குடுத்து அனுப்பிச்சிட்டோம். கரண்டி போன வீட்டுக்கு சவம் திரும்பி வராது. எங்களுக்கு அவமேல ஒரு கோவமும் இல்ல. அரைக்குடிக்காரன் கோவப்பட மாட்டான். அவனுக்கு என்ன வேணும்? நிமிந்து பாத்தா கும்பிட ஒருத்தர் இருக்கணும், குனிஞ்சு பாத்தா மிதிக்க ஒருத்தன் இருக்கணும். நடுவுல நிம்மதியா இருக்கோம். அந்த நிம்மதிக்குள்ள ஒரு பொணத்த எறக்காதீங்க.”

“நல்லாச் சொன்னீங்க,” என்றார் தலைவர். சொன்னது நியாயமாகப் பட்டதால், மிதிக்கப்படுகிற கால்குடிகளும் தலையாட்டினார்கள். அவர்கள் பங்குக்கு ஒருவன், குடிசை எரிந்த அன்றே அவளுடைய புகையை வரிசையிலிருந்து எடுத்தாயிற்று, எடுத்த இடத்தில் வேறொருவன் புகைந்துகொண்டிருக்கிறான் என்றான்.

பிறகு கேள்வி ஒன்று யோப்ஸ்டை நோக்கி வந்தது. கால்குடிக்காரன் வாயில் கையைக் குவித்துக் கத்தினான்: “சாகறதுக்கு முன்னாடி தான் எந்தக் குடின்னு அவ ஏதாச்சும் சொன்னாளான்னு கேக்கறாங்க!”

யோப்ஸ்ட் யோசித்தான். “தண்ணி கேட்டா,” என்றான்.

“தண்ணி கேட்டாளாம்!”

“தண்ணி கேட்டாளாம்,” என்றார் அரைக்குடிக்காரர்.

நெருப்பைச் சுற்றி ஏழு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. ஊரில் மூன்று கிணறு. ஒண்டிக்குடி தவிர மற்ற குடிகளுக்கு ஒவ்வொன்று. வெகுநேரம் கழித்து அடுத்த கேள்வி வந்தது: “எந்தக் கெணத்துத் தண்ணின்னு கேக்கறாங்க!”

“கெணறு உறைஞ்சிருந்துச்சு. பனிய எடுத்து உருக்கிக் குடுத்தேன்.”

பதில் மேலே போனது. டோனீஸ் வரிசைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “பனி எந்தக் குடிக்கும் சேந்ததா எழுதியில்ல,” என்று அறிவித்தார். “இது பெரிய ஓட்டை. இதையும் ஒரு நாள் பேசி முடிவு பண்ணணும்.”

இதையும் ஒரு நாள் என்று குறித்துக்கொண்டார்கள்.

“குடிச்சாளா?” என்று பக்கத்தில் நின்ற கெஷே மெதுவாகக் கேட்டாள். சபையில் யாரும் கேட்காத கேள்வி அது.

“ரெண்டு வாய் குடிச்சா,” என்றான் யோப்ஸ்ட்.

அன்று முடிவாகவில்லை. வெண்டல்ரோடேயில் முழுக்குடிக்கு ஒரு முழுக்குரல், அரைக்குடிக்கு அரைக்குரல், கால்குடிக்குக் கால்குரல். மற்ற எல்லோரையும் கூட்டினாலும் ஐந்தைத் தொடாது. ஆகவே முழுக்குடி ஏழு பேரும் ஒத்துப்போனால் வேறு யாரும் வாயைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் ஏழு பேரும் ஒத்துப்போவதென்றால் முதலில் யார் ஒத்துப்போவது என்ற பிரச்சினை இருந்தது. கடைசியாக ஒத்துப்போகிறவன் மற்ற ஆறு பேருக்கும் பணிந்தவன் ஆகிவிடுவான் அல்லவா? நெருப்பு அணையாமல் பெரிய பெரிய கட்டைகளாகப் போட்டுவிட்டு, மறுநாள் பார்க்கலாம் என்று கலைந்தார்கள்.

சனிக்கிழமை தலைவர் எழுந்து நின்று பேசினார். அவர் பேச்சை ஊர் பிற்பாடும் வெகுநாள் பாராட்டியது.

“நேத்து ராத்திரி பூரா தூங்கல,” என்றார். “இல்ஸபே யாருன்னு யோசிச்சேன். அவ பொறந்தப்போ நான் தொட்டில ஆட்டினேன். கல்யாணத்துக்கு நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அவ விதவையா திரும்பி வந்து பெரிய வாசல்ல நின்னப்போ, நான்தான் கதவத் தொறக்கல. ஏன்? அரைக்குடி விதவைக்குப் பெரிய வாசல் கெடையாது. பக்கத்து வாசலுக்கு வர அவளுக்கு ரோஷம். எனக்கு மனசில்லையா? இருந்துச்சு! கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு அழுதேன். அவ போறவரைக்கும் அழுதேன். முறைன்னா அதுதான் முறை. அன்னிக்கு நான் கதவத் தொறந்திருந்தா, இன்னிக்கு நீங்க யாரும் என்னை மதிச்சிருப்பீங்களா?”

“மாட்டோம்!” என்றார்கள் ஆறு முழுக்குடிக்காரர்களும், முதல் தடவையாக ஒரே குரலில்.

ஒத்துப்போய்விட்டது தெரிந்ததும் அதே சூட்டில் தீர்ப்பையும் சொல்லிவிட்டார்கள். இல்ஸபே நான்கு குடியும்தான் என்பது தீர்ப்பு. யாருக்கும் குறை வைக்கக் கூடாது. பிறப்புக்கு மரியாதையாகப் பெரிய மணி அடிக்கப்படும். ஆனால் அது முன்னுதாரணம் ஆகிவிடாதபடி மணி நாக்கில் கம்பளிக் காலுறை மாட்டப்படும். சவத்தைத் தூக்க நான்கு குடிக்கும் ஓர் ஆள் வேண்டும். ஆனால் வெவ்வேறு குடிக்காரர்கள் தோளுக்குத் தோள் நடக்கக் கூடாது, ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போகலாம். நேர்வரிசையில் சவப்பெட்டியைத் தூக்க முடியாது என்று தச்சன் சொன்னான். ஆகவே சறுக்குவண்டி. அதை இழுக்க முழுக்குடிக்கு ஒரு குதிரை, அரைக்குடிக்கு ஓர் எருது, கால்குடிக்கு ஒரு பசு, ஒண்டிக்குடிக்கு யோப்ஸ்ட். நால்வரையும் ஒரே கயிற்றில், அந்த வரிசையில் பூட்ட வேண்டும்.

“சம்மதமான்னு கேக்கறாங்க!”

“சரிங்க,” என்றான் யோப்ஸ்ட்.

மத்தியானம் ஊர்வலம் புறப்பட்டது. கோபுரத்தில் பெரிய மணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு, கேட்காத அந்தச் சத்தத்தை மரியாதையாகக் கேட்டார்கள். கயிற்றின் முன்னால் குதிரை துள்ளியது. எருது யோசித்து யோசித்துக் கால் வைத்தது. பசு நடக்கும்போதே சாணி போட்டது. அதற்குப் பின்னால் யோப்ஸ்ட், தோளில் கயிற்றோடு, சாணியை மிதித்துக்கொண்டு இழுத்தான். குதிரை இழுக்கும்போது எல்லோரும் ஓட வேண்டியிருந்தது. எருது நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியிருந்தது. பின்னால் சறுக்குவண்டியில் இல்ஸபே ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெட்டிக்குள் லேசாக மோதுகிற சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. அவன் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தான். வேறு எதையும் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல் உண்டு. வளைவு வைத்தது மேல்குடிகளுக்கு. சுவரில் இடித்துவிட்ட ஓட்டை போல இருப்பது மற்றவர்களுக்கு. குதிரை வழக்கப்படி வளைவுக்குள் நுழைந்தது. பசுவை அதன் சொந்தக்காரன் வழக்கப்படி ஓட்டைப் பக்கம் திருப்பினான். எருது இரண்டுக்கும் நடுவில், சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. கயிறு விறைத்தது. சறுக்குவண்டி குறுக்காகத் திரும்பிச் சுவரில் முட்டி நின்றது.

“நிறுத்து! யாரும் எதையும் தொடாதீங்க!” என்று கத்தினார் டோனீஸ். “வாசல் விஷயம் தீர்ப்புல இல்ல.”

இல்லைதான். குழி எந்த வரிசையில் என்பதும் தீர்ப்பில் இல்லை. அதனால் குழியே வெட்டவில்லை. தலைவர் வானத்தைப் பார்த்தார். குளிர் ஏறிக்கொண்டிருந்தது. சாவுக்கான பீர் பீப்பாய் அவர் களஞ்சியத்தில் திறந்து வைத்திருந்தது, அது வீணாகக் கூடாது. பீர் குடித்துக்கொண்டே வாசலைப் பற்றிப் பேசலாம் என்று முடிவானது. குதிரையை அதன் ஆள் அவிழ்த்துக்கொண்டு போனான். பிறகு எருது. பிறகு பசு. யோப்ஸ்டை அவிழ்க்க யாரும் இல்லாததால் அவனே அவிழ்த்துக்கொண்டான்.

ஊர் முழுக்கப் போய்விட்டது. ஒண்டிக்குடிகளும்கூடப் போனார்கள், களஞ்சியத்தின் பின்வாசலில் அவர்களுக்கும் ஒரு வாய் கிடைக்கும். கெஷே மட்டும் நின்றாள்.

“நீ போகல?” என்றான்.

“அந்தப் பீர் எனக்கு ஒத்துக்காது. குடிச்சா உண்மையப் பேசுவேன்.” சவப்பெட்டிமேல் விழுந்திருந்த பனியைக் கையால் தட்டிவிட்டாள். “இப்ப என்னடா பண்ணப்போற?”

“இருட்டறதுக்குள்ள பொதைக்கணும்.”

ஓட்டை வழியாக உள்ளே போய், குழி வெட்டுவதற்காக அங்கே வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தான். வடக்குச் சுவரோரம் ஒரு போடு போட்டான். இரும்பில் அடித்தது போல் மண்வெட்டி எகிறியது. மேல்குடிகள் படுத்திருக்கும் தெற்குப் பக்கம் ஒரு போடு. அங்கேயும் அப்படியே. குளிர் வரிசை பார்க்காமல் எல்லா மண்ணையும் ஒன்றுபோல இறுக்கியிருந்தது. அவன் நிமிர்ந்து ஊரைப் பார்த்தான். லிண்டன் மரத்தடியில் சபை மூட்டிய நெருப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் முழுக்க எரிந்த நெருப்பு.

“அங்க மண்ணு எளகியிருக்கும்,” என்றான்.

கெஷே அவன் கை காட்டிய இடத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே திமிர் எதுவும் இல்லை. கோபமும் இல்லை. குளிர்காலத்தில் குழி வெட்ட வேண்டிய ஒருவனின் முகம்தான் இருந்தது.

“இழு,” என்றாள். பின்னாலிருந்து தள்ளினாள்.

சரிவில் சறுக்குவண்டி சுலபமாக வந்தது. கங்குகளை ஒதுக்கிவிட்டு வெட்டினான். மேல்மண் ஈரமாக, கறுப்பாக, ஆவி பறக்க வந்தது. ஓர் அடிக்குக் கீழே கெட்டிப்பட்டது. அந்தக் கங்குகளையே குழிக்குள் தள்ளி, கொஞ்சம் பொறுத்து, வாரி எடுத்துவிட்டு மறுபடி வெட்டினான். வேர்களைக் கோடரியால் நறுக்கினான். களஞ்சியத்திலிருந்து சிரிப்புச் சத்தமும், வாசலைப் பற்றிய பேச்சும் விட்டுவிட்டுக் கேட்டன. இடுப்பளவு ஆழம் வந்ததும் கெஷே போதும் என்றாள். இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்துதான் இறங்கியது. கெஷே பரமண்டல ஜெபத்தைச் சொன்னாள். பாவ மன்னிப்பு வருகிற இடத்தில் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள். அவன் மண்ணைத் தள்ளி மூடினான். மேடு தட்டி முடித்தபோது சூரியன் மறையவில்லை. உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. வலித்ததாக நினைவில்லை.

மறுநாள் பாதிரியார் வருகிற ஞாயிறு. அவர் குதிரையை எப்போதும் லிண்டன் மரத்தில்தான் கட்டுவார். புது மண்மேட்டைப் பார்த்ததும், யாரோ அவசரத்தில் அடக்கம் பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்து, தலைவர் ஓடி வருவதற்குள் புத்தகத்தைத் திறந்து ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு அன்று இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது.

“என்னடா பண்ணி வச்சிருக்க?” தலைவர் மூச்சிரைக்கக் கேட்டார். “சபை நடுவுல! எங்க கல்லுக்கு நடுவுல! ஏன்டா?”

“மண்ணு அங்கதான் எளகியிருந்துச்சுங்க.”

“எங்ககிட்டக் கேட்டியா?”

“வாசல் பத்திப் பேசிட்டிருந்தீங்க.”

தோண்டி எடுங்கள் என்று கத்தினார் கோர்ட் லூடெகிங். யார் தோண்டுவது என்று கேட்டார் டோனீஸ். அவள் குடிக்காரர்கள்தான் தோண்ட வேண்டும். அவளோ தீர்ப்புப்படி நான்கு குடி. நான்கு பேர் ஒரு குழியில் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்க முடியாது. அதுவும் போக, பாதிரியார் ஆசீர்வதித்துவிட்டதால் அது இப்போது கல்லறைத் தோட்டம். கல்லறைத் தோட்டமென்றால் வரிசை உண்டு. இது எந்த வரிசை? முதல் வரிசையா, வடக்குச் சுவர் வரிசையா?

அதைக் கேட்டதும், பழக்கத்தில் தன் கல்லில் உட்காரப் போன முழுக்குடிக்காரர் ஒருவர் நெருப்பில் உட்கார்ந்ததுபோல எழுந்தார். உட்கார்ந்த பிறகு அது ஒண்டிக்குடி வரிசை என்று தீர்ப்பானால் அவர் யார்? மற்ற ஆறு பேரும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்கள். பின்னால் நின்ற அரைக்குடிகள் இன்னும் தள்ளிப்போக வேண்டியதாயிற்று. கால்குடிகள் பள்ளத்துக்குள் இறங்கினார்கள்.

வரிசையைத் தீர்மானிக்கச் சபை கூட வேண்டும். சபை லிண்டன் மரத்தடியில், முழுக்குடிகள் கல்லில் உட்கார்ந்து கூடினால்தான் செல்லும். வரிசை தெரியாமல் கல்லில் உட்கார முடியாது. சபையை வேறிடத்துக்கு மாற்றலாம், ஆனால் அதைச் சபைதான் சொல்ல வேண்டும். டோனீஸ் மூன்று நாள் வரிசைப் புத்தகத்தைப் படித்தார். நான்காம் நாள் காய்ச்சலில் படுத்தார். ஊர்க்கோல் தலைவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது.

மார்ச் வந்தது. பனி உருகியது. ஊர் எப்படியோ நடந்துகொண்டிருந்தது. சபை இல்லாததால் யாரும் யாரையும் எதிலிருந்தும் நீக்கவில்லை. கால்குடிப் பெண்கள் கைக்கு எட்டிய கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். கூடாது என்று சொல்ல எல்லோருக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஒரு புதன்கிழமை, ரொட்டி நாள். அடுப்பில் கடைசிச் சூடு இறங்கிய பிறகு யோப்ஸ்ட் கையைக் கழுவிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான். வழக்கமாக மேட்டின் பக்கத்தில் நின்றுவிட்டுப் போய்விடுவான். அன்று காலையிலிருந்து நின்று கால் கடுத்திருந்தது. பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தான். அது தலைவருடைய கல் என்று உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெயில் பட்டு அது லேசாகச் சுட்டது.

மேட்டில் ஒன்றிரண்டு புல் முளைத்திருந்தது. அவன் குனிந்து ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டான். இன்னொன்றைப் பொறுக்கினான். அப்போதுதான் அவனுக்குத் தான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. எப்போது தொடங்கியதென்று தெரியவில்லை. உள்ளங்கைகள் வலித்தன. எல்லாம் ஒரே சமயத்தில் வலித்தது. நிறுத்த முடியுமா என்று பார்த்தான். முடியவில்லை. விட்டுவிட்டான்.

சாலையில் தலைவர் வந்தார். கல்லில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வேகமாக வந்தவர், பள்ளத்துக்கு அப்பால் சட்டென்று நின்றார். வாயைத் திறந்தார். எழுந்திரு என்று சொல்லும் உரிமை அந்த இடத்தில் இப்போது யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. வாயை மூடினார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, போகவும் முடியாமல் வரவும் முடியாமல், அங்கேயே வெகுநேரம் நின்றார்.

யோப்ஸ்ட் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான்.